ஏறாத கூரை

கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை மாப்பிள்ளையைக் கோவிலிலிருந்து திறந்த காரில் உட்கார வைத்து ஊர்வலமாக அழைத்து வருவதற்கு ஜானவாசம் என்று பெயர். மோட்டார் காரை எந்தச் சாஸ்திரம் விதித்திருக்கிறது என்று கேட்டால் புரோகிதர் சிரிப்பார். பல்லக்கும் குதிரையும் சாரட்டும் இருந்த இடத்தில் கார் வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். ஆனால் எந்தக் காரும் அதற்கு உதவாது. மூடிய காருக்குள் மாப்பிள்ளை உட்கார்ந்து வந்தால் தெருவுக்கு எப்படித் தெரியும்? அதனால், கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிடக் கூடிய, படகு போல நீண்ட பழைய அமெரிக்கக் கார்களுக்குத் தமிழ்நாட்டில் ஒரு மறு ஜன்மம் கிடைத்தது. அவற்றைச் செய்தவர்கள் கடற்கரைச் சாலையில் காற்று வாங்கிக்கொண்டு பறக்கிற இளம் ஜோடிகளை மனத்தில் வைத்துக்கொண்டு செய்தார்கள். இங்கே வந்து அவை நாதஸ்வரத்துக்குப் பின்னால் நடை வேகத்தில் ஊர்ந்தன. இரண்டு பேர் உட்கார வேண்டிய இடத்தில், கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு வியர்த்து வழிகிற மாப்பிள்ளையைச் சுற்றி இரண்டு வீட்டுக் குழந்தைகளும் பதினைந்து பேர் ஏறிக்கொண்டார்கள்.

இந்தக் கார்களில் பலவற்றுக்கு இப்போது கூரையே கிடையாது. துணி கிழிந்து, சட்டம் துருப்பிடித்து, எப்படியும் திறந்துதானே வைக்கப்போகிறோம் என்று கழற்றி எறிந்துவிட்டார்கள். கூரை உயிரோடு இருக்கிற கார்கள் குறைவு. அப்படிப்பட்ட கார் ஒன்று சென்னையில் என் நண்பர் ஒருவரிடம் இருக்கிறது. 1950-களின் நடுவில் அமெரிக்காவில் செய்தது. அவருடைய தகப்பனார் வாங்கினார். நண்பர் அதைச் சுத்தமாக வைத்துக்கொண்டு முகூர்த்த மாதங்களில் வாடகைக்கு விடுகிறார். பெட்ரோலுக்கும் டயருக்கும் போக ஏதோ கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சாவிட்டாலும் விற்கமாட்டார்.

அந்தக் காரின் பெருமையே கூரைதான். டிரைவர் முன்னால் உட்கார்ந்து, பலகையின் கீழே இருக்கிற ஒரு ஸ்விச்சை அழுத்துவார். பின்னால் எங்கோ கும்மென்று ஒரு சத்தம் கிளம்பும். மடங்கிக் கிடக்கிற கான்வாஸ் கூரை, யானை எழுந்திருப்பது போல அவசரமில்லாமல் எழுந்து, தலைக்கு மேல் வந்து, கண்ணாடிச் சட்டத்தில் உட்காரும். தெருவில் போகிறவர்கள் நின்றுவிடுவார்கள். மாப்பிள்ளையைக்கூட அப்புறம்தான் பார்ப்பார்கள்.

மோட்டார் கார் பிறந்த நாளிலிருந்தே மடக்குக் கூரை உண்டு. முதலில் அதை மனிதன்தான் மடக்கினான், மனிதன்தான் விரித்தான். அந்த முயற்சியில் விரலை நசுக்கிக்கொண்டான். யந்திரத்தின் கையில் அதை ஒப்படைக்கிற ஆசை 1930-களில் பிறந்தது. பிரான்ஸில் ஜார்ஜ் போலான் என்று ஒருவர் இருந்தார். பல் வைத்தியர், ஆனால் மனசெல்லாம் கார்களின் உருவத்தில். துணியை விட்டுவிட்டு, இரும்புக் கூரையையே அப்படியே வழுக்கிப் பின்பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்படி செய்யலாம் என்பது அவருடைய யோசனை. 1930-களின் நடுவில் பெஜோ கம்பெனி அதைச் செய்து விற்றது. அந்தக் காருக்கு வைத்த பெயர் 'எக்லிப்ஸ்', அதாவது கிரகணம். எவ்வளவு பொருத்தமான பெயர்! போலான் பிற்பாடு ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்த ரகசியப் படையில் சேர்ந்து, பிடிபட்டு, 1942-ல் நாஜிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அமெரிக்காவில் 1939-ல் பிளிமத் கார்கள் துணிக் கூரையை எஞ்சினின் உறிஞ்சு சக்தியைக் கொண்டே தூக்கிக் காட்டின. அதன் பிறகு மின்சாரமும் எண்ணெயும் சேர்ந்து வேலை செய்கிற ஏற்பாடு வந்தது. 1957 முதல் 1959 வரை ஃபோர்டு கம்பெனி 'ஸ்கைலைனர்' என்று ஒரு கார் விற்றது. அதன் இரும்புக் கூரை மடிந்து பின்பெட்டிக்குள் போய்விடும். இந்த ஒரு வித்தைக்காக அந்தக் காரில் 600 அடிக்கு மேல் கம்பி, 10 ரிலே, கூரை எங்கே இருக்கிறது என்று சொல்ல 10 சிறிய ஸ்விச்சுகள்! பத்தில் ஒன்று மௌனம் சாதித்தால் கூரை நடுவானில் நின்றுவிடும்.

என் நண்பருடைய காரில் அவ்வளவு சிக்கல் இல்லை. பின் ஸீட்டுக்குப் பின்னால் ஒரு மின்மோட்டார், அதோடு ஒட்டிய ஒரு எண்ணெய்ப் பம்பு. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிலிண்டர்கள். மோட்டார் ஒரு பக்கம் சுற்றினால் எண்ணெய் சிலிண்டரின் அடியில் போய்க் கூரையைத் தூக்கும். மறு பக்கம் சுற்றினால் மேலே போய் இறக்கும். இதற்கெல்லாம் உத்தரவு கொடுப்பது முன்னால் இருக்கிற அந்த ஒரு ஸ்விச். அதற்கு மூன்றே கம்பி. ஒன்று பாட்டரியிலிருந்து வருவது, ஒன்று ஏற்ற, ஒன்று இறக்க. குழந்தைகூடப் படம் போட்டுவிடலாம். இருந்தும், அந்த மூன்று கம்பிக்குள் ஒரு மனிதருடைய மானம் மாட்டிக்கொண்டது.

அந்தக் காருக்கு டிரைவர் ஒருவரே. இருபத்தெட்டு வருஷம். வயது அறுபதைத் தாண்டியவர். நண்பர் கல்லூரியில் சேர்ந்த வருஷம் இவர் வேலைக்கு வந்தார். அதனால் நண்பர் அவரை 'அண்ணே' என்பார். அவர் நண்பரைத் 'தம்பி' என்பார். வெளி ஆட்கள் இருந்தால் மட்டும் 'முதலாளி'.

ஐப்பசி மாதம் ஒரு ஜானவாசம். கோவில் வாசலில் காரை நிறுத்தி, கூரையை இறக்கி, பூ அலங்காரம் செய்து முடித்தார்கள். ஐப்பசி வானம் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. மாப்பிள்ளை வந்து ஏறுவதற்குள் தூற்றல் போட்டது. டிரைவர் ஓடிப் போய் ஸ்விச்சை அழுத்தினார். கூரை ஏறவில்லை. மறுபடி அழுத்தினார். அடித் தொண்டையில் ஒரு முனகல், அவ்வளவுதான். நாலு பேர் சேர்ந்து கையால் தூக்கிப் பார்த்தார்கள். குழாயில் எண்ணெய் நிற்கும்போது அந்தக் கூரை மனிதனுக்கு இலேசில் மசிவதில்லை. அதற்குள் மழை வலுத்துவிட்டது. பந்தல்காரரின் தார்ப்பாயைப் போட்டு மூடுவதற்குள் ஸீட்டெல்லாம் தண்ணீர். மாப்பிள்ளை யாரோ ஒருவருடைய சின்னக் காரில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு மண்டபம் போய்ச் சேர்ந்தார். "கூரை ஏறவே வழியில்லே, இவன் வைகுண்டத்துக்கா அழைச்சிண்டு போவான்?" என்று பெண் வீட்டுக் கிழவர் ஒருவர் சொன்னாராம். அந்த வார்த்தை நண்பருக்கு ஸீட்டு நனைந்ததைவிட அதிகமாக வலித்தது.

மறுநாள் காரை ஒரு பட்டறைக்குக் கொண்டு போனார்கள். அங்கே மீட்டர் வைத்துப் பார்த்தார்கள். ஸ்விச்சிலிருந்து வெளியே போகிற முனையில் 12 வோல்ட் காட்டியது. அப்படியானால் ஸ்விச் நன்றாக இருக்கிறது என்றார்கள். கூரை இறங்குகிறது, ஏற மாட்டேன் என்கிறது. மோட்டாருக்குள் ஏற்ற ஒரு சுருள், இறக்க ஒரு சுருள் என்று இரண்டு உண்டு. ஏற்றுகிற சுருள் எரிந்துவிட்டது என்று தீர்ப்புச் சொன்னார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "கூரை மேலே போய் முட்டின அப்புறமும் கையை எடுக்காம அழுத்திக்கிட்டே இருந்தா இப்படித்தான் எரியும். யாரோ விளையாடியிருக்காங்க" என்று ஒரு வாக்கியத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

யார் விளையாடுவது? கார் நிற்கிற இடத்தில் தெருக் குழந்தைகள் வந்து, "தாத்தா, ஒரு தரம்!" என்று கெஞ்சினால் டிரைவர் கூரையைத் தூக்கிக் காட்டுவது ஊரறிந்த விஷயம். குற்றமும் கிடைத்துவிட்டது, குற்றவாளியும் கிடைத்துவிட்டார். மோட்டாரை அமெரிக்காவிலிருந்து வரவழைக்க வேண்டும். ஒரு முகூர்த்தக் கால வருமானம் அதற்கே போய்விடும். நண்பர் டிரைவரைக் கேட்டார். அவர் வாதாடவில்லை. "அழுத்தினேன், தூக்கலே. அவ்வளவுதான் தம்பி எனக்குத் தெரியும்" என்றார்.

நண்பர் என்னிடம் வந்து இதைச் சொன்னபோது ஒன்றைக் கவனித்தேன். பேச்சு முழுவதும் 'டிரைவர்', 'டிரைவர்' என்றே சொன்னார். இருபத்தெட்டு வருஷத்து 'அண்ணே' ஒரு நாளில் எங்கோ நழுவி விழுந்திருந்தது. தை மாதத்துக்குள் வேறு ஆள் பார்க்கலாமா என்று யோசிப்பதாகவும் சொன்னார்.

எதிலும் பெரிய காரணத்தைத் தேடுவதில் நமக்கு ஒரு திருப்தி இருக்கிறது. பெரிய நஷ்டத்துக்குப் பெரிய காரணம் வேண்டும். அதற்குப் பின்னால் ஒரு மனிதனும் வேண்டும். வீட்டில் விளக்கு அணைந்தால்கூட, ஃப்யூஸைப் பார்ப்பதற்கு முன் கடைசியாக யார் ஸ்விச்சைப் போட்டது என்றுதானே கேட்கிறோம்? பழுது யந்திரத்தில், விசாரணை மனிதர்கள்மேல்.

மோட்டார் வரவழைப்பதற்கு முன்னால், எரிந்த சுருளையே புதிதாகக் கட்டிவிட முடியுமா என்று பார்க்கலாமென்று யாரோ யோசனை சொன்னார்கள். அதற்குப் புதுப்பேட்டைக்குத்தான் போக வேண்டும். எழும்பூருக்குப் பக்கத்தில், கூவம் கரையை ஒட்டி, செத்த வண்டிகளின் உறுப்புக்களெல்லாம் கூறு கட்டி விற்கிற பேட்டை அது. கதவு மட்டும் விற்கிற கடை, விளக்கு மட்டும் விற்கிற கடை, ஸ்டீயரிங் சக்கரங்களை வடை மாலை மாதிரி கோத்துத் தொங்கவிட்டிருக்கிற கடை. அங்கே ஒரு சந்தில், பழைய கார்களுக்கு மின்சார வேலை செய்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். எல்லாருக்கும் அவர் 'பாய்'. நண்பர், டிரைவர், நான் மூன்று பேரும் போனோம். கதை எழுதுகிறவனுக்கு இப்படிப்பட்ட இடங்களில் வேலை இல்லாவிட்டாலும் ஓரத்தில் ஒரு ஸ்டூல் கிடைக்கும்.

"மோட்டார் கழட்டிக் காயில் கட்டணும் பாய்" என்றார் நண்பர்.

பாய் காரைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். "யாரு சார் சொன்னது காயில் போச்சுன்னு?"

நண்பர் பட்டறைத் தீர்ப்பை ஒப்பித்தார். பாய் அவரை விட்டுவிட்டு டிரைவர் பக்கம் திரும்பினார். "பெரியவரே, வண்டி ஓட்டுறது நீங்கதானே? இறங்குதா?"

"இறங்குது."

"இறங்கறப்போ சத்தம் பழைய மாதிரியே இருக்குதா?"

"அப்படியே இருக்குது. ஏத்தறப்பதான் குரல் தணிஞ்சு போச்சு. வைகாசி முகூர்த்தத்திலேருந்தே. இழுத்துக்கிட்டு ஏறும்."

"வேற ஏதாச்சும்?"

டிரைவர் சிறிது தயங்கினார். "ஸ்விச்சு சுடும். ஏத்தி முடிச்சுக் கையை எடுத்தா, விரல்லே சூடு தெரியும்."

பாய் தலையை ஆட்டினார். "இதை யார்கிட்டேயாவது சொன்னீங்களா?"

"ஆடி மாசமே சொன்னேன்" என்றார் டிரைவர். யாரிடம் என்று சொல்லவில்லை. நண்பர் கூரைத் துணியில் எதையோ தட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

மோட்டாரை பாய் தொடவே இல்லை. முதலில் பாட்டரியைப் பார்த்தார், சரியாக இருந்தது. பிறகு முன்பலகைக்குக் கீழே தலையை நுழைத்துக்கொண்டு படுத்தார். படுத்தபடியே எங்களுக்குப் பாடம் நடந்தது. கூரை இறங்குகிறது என்றால் பாட்டரி நல்லது, ஸ்விச்சுக்கு வருகிற கம்பி நல்லது, மோட்டாரின் எர்த்து நல்லது, பம்பு நல்லது. இத்தனையும் இறக்குவதற்கும் ஏற்றுவதற்கும் பொது. ஏற்றுவதற்கு மட்டும் தனியாக இருப்பவை மூன்றே. ஸ்விச்சுக்குள் ஏற்றுகிற தொடுமுனை. அங்கிருந்து பின்னால் போகிற கம்பி. மோட்டாருக்குள் ஏற்றுகிற சுருள். "மூணு பேர்லே ஒருத்தன்தான் சார். மத்தவங்களை வீட்டுக்கு அனுப்பிடலாம்" என்றார்.

பிறகு ஸ்விச்சின் பின்னாலிருந்து கம்பிகளை உருவினார். கனமான கம்பித் துண்டு ஒன்றை எடுத்து, பாட்டரியிலிருந்து வருகிற முனையையும் ஏற்றுகிற முனையையும் நேராக இணைத்தார். ஸ்விச் என்ற நடுத் தரகரே இல்லை. ஒரு சின்னப் பொறி பறந்தது. பின்னால் கும்மென்று பழைய குரல் கிளம்பியது. புதுப்பேட்டைச் சந்து முழுவதும் வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்க, அந்தக் கூரை எழுந்து, நிமிர்ந்து, எங்கள் தலைக்கு மேல் வந்து உட்கார்ந்தது.

சுருள் எரியவில்லை. கம்பி அறவில்லை. மிச்சம் இருந்தவன் ஒருவன்தான்.

நண்பருக்கு நம்பிக்கை வரவில்லை. "ஆனா பாய், மீட்டர்லே பன்னிரண்டு காட்டிச்சே? ஸ்விச் நல்லாயிருக்குன்னாங்களே?"

பாய் சிரித்தார். "கைமாத்து கேக்காத வரைக்கும் எல்லாச் சொந்தக்காரனும் வசதியானவன்தான் சார். கேட்டுப் பாத்தாத்தான் இருப்புத் தெரியும்."

கம்பிகளை மறுபடி ஸ்விச்சில் மாட்டினார். கூரையை இறக்கினார். மீட்டரின் ஒரு முள்ளை ஏற்றுகிற முனையில் வைத்துக்கொண்டு, மோட்டாரும் சேர்ந்திருக்கும்போதே டிரைவரை ஸ்விச்சை அழுத்தச் சொன்னார். மீட்டரில் 3 வோல்ட். மிச்சம் 9 வோல்ட்டும் அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளேயே கரைந்துவிட்டது. பட்டறையில் மோட்டார்க் கம்பியைக் கழற்றிவிட்டு அளந்திருக்கிறார்கள். யாரும் மின்சாரத்தை வாங்காதபோது, கருகிப் போன தொடுமுனைகூட முழு 12 வோல்ட்டைக் காட்டும். மோட்டார் வந்து 20, 30 ஆம்பியர் கேட்கும்போதுதான் அதன் வண்டவாளம் வெளியே வரும். தொடுகிற இடத்தில் ஓர் ஓமில் ஐந்தில் ஒரு பங்கு தடை இருந்தால்கூடப் போதும். 20 ஆம்பியர் ஓடும்போது 4 வோல்ட் அங்கேயே செலவாகிவிடும். அப்படிச் செலவாகிற மின்சாரம் சூடாக மாறும். டிரைவரின் விரலில் பட்ட சூடு அதுதான். மீட்டர் சொல்லாததை வைகாசியிலிருந்தே அந்த விரல் சொல்லிக்கொண்டிருந்தது.

ஸ்விச்சைக் கழற்றுவதற்கு முன் பாட்டரியின் எர்த்துக் கம்பியை எடுத்துவிட்டார். அதைச் செய்யாமல் ஸ்பானரை உள்ளே விடக் கூடாது. வருகிற கம்பி எப்போதும் உயிரோடிருக்கிற கம்பி. மூன்று கம்பியும் பல வருஷத்து அழுக்கில் ஒரே நிறமாகிவிட்டிருந்தன. எது எது என்று அடையாளம் வைக்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். டிரைவர் பின் ஸீட்டின் இடுக்கிலிருந்து பழைய பூச்சரத்து நாரை எடுத்துக் கொடுத்தார். வருகிற கம்பிக்கு ஒரு முடிச்சு, ஏற்றுவதற்கு இரண்டு, இறக்குவதற்கு மூன்று. ஜானவாசக் காருக்கு வேறு என்ன அடையாளம் வேண்டும்?

பெட்டியைப் பிரித்தார். உள்ளே இரண்டு ஜோடி செப்பு முனைகள். இறக்குகிற ஜோடி கறுத்திருந்தது. ஏற்றுகிற ஜோடி அம்மை வார்த்த முகம் போலக் குழி விழுந்து, பாதி கரைந்து போயிருந்தது. "இறக்கறது தானா விழற வேலை சார். ஏத்தறதுதான் பாரம். பாரம் சுமக்கிறவன்தானே தேய்வான்?" என்றார் பாய். ஒவ்வொரு தரம் ஸ்விச்சை விடும்போதும் முனைகளுக்கு நடுவே ஒரு சின்ன மின்னல் பாய்கிறது. ஒவ்வொரு மின்னலும் ஒரு துளி செம்பைத் தின்கிறது. அறுபது வருஷத்துக்கு மேற்பட்ட மின்னல்கள். குழந்தைகளுக்காக நாலு தரம் கூடத் தூக்கியிருந்தாலும் அது சமுத்திரத்தில் துளி.

அரம் போட்டுத் தேய்த்து மாட்டினால் சில வாரம் ஓடும், பிறகு பழைய கதைதான் என்றார். அதே அளவில் பழைய ஸ்விச் கிடைக்குமா என்று பேட்டை முழுக்க ஒரு நடை நடந்தோம். கிடைக்கவில்லை. இந்த மாதிரிக் கார்களுக்கென்று அமெரிக்காவில் புதிதாகச் செய்து விற்கிறார்கள். மோட்டார் விலையில் ஒரு சிறு பங்குதான். நண்பர் அதற்கு எழுதிப் போட்டார். சில வாரத்தில் தபாலில் வந்தது. மாட்டுகிற அன்று பாய் இன்னொரு காரியமும் செய்தார். பாரமான மின்சாரத்தை ஸ்விச்சின் தலையில் கட்டாமல், ஏற்ற ஒன்று இறக்க ஒன்று என்று இரண்டு ரிலேக்களை உள்ளே மறைவாக வைத்து, பாட்டரியிலிருந்து அவற்றுக்குக் கனமான கம்பி இழுத்து, நடுவில் ஃப்யூஸும் போட்டார். இனிமேல் ஸ்விச்சின் வழியாகப் போவது கால் ஆம்பியருக்கும் குறைவு. அது ரிலேயைத் தட்டி எழுப்பும். சுமப்பது ரிலேயின் பாடு. தகப்பனார் காலத்துக் காரில் இல்லாத சாமானை வைப்பதா என்று நண்பருக்கு மனசு கேட்கவில்லை. "வெளியே தெரியாது சார். இது தேஞ்சா முப்பது அடி தாண்டி எந்தக் கடையிலேயும் வாங்கலாம்" என்றார் பாய். டிரைவரின் முகத்தைப் பார்த்துவிட்டு நண்பர் சரி என்றார்.

இப்போது வருகிற கார்களில் இந்தப் பாரமே ஸ்விச்சுக்குக் கிடையாது. 1996-ல் மெர்ஸிடிஸ் கம்பெனி இரும்புக் கூரை மடிகிற சின்னக் கார் ஒன்றைக் கொண்டுவந்த பிறகு இந்த வித்தை உலகம் முழுவதும் பரவியது. அப்படிப்பட்ட கார்களில் ஸ்விச் என்பது வெறும் விண்ணப்பம். அதை வாங்கிக்கொண்டு, பின்பெட்டி மூடியிருக்கிறதா, தாழ்ப்பாள் திறந்திருக்கிறதா, கார் மெதுவாகப் போகிறதா என்றெல்லாம் கம்ப்யூட்டர் விசாரித்துக்கொண்டு உத்தரவு போடுகிறது. ஏதாவது ஒன்று பதில் சொல்லாவிட்டால் அதைக் குறித்தும் வைத்துக்கொள்கிறது. மெக்கானிக் ஒரு கருவியைச் செருகி அந்தக் குறிப்பைப் படிக்கிறார். இது பெரிய சௌகரியம். ஆனால் அந்தக் குறிப்பும் இந்த வட்டாரத்தில் குறை என்றுதான் பெரும்பாலும் சொல்லும். முனையா, கம்பியா, பெட்டியா என்று கம்பித் துண்டையும் மீட்டரையும் எடுத்துக்கொண்டு ஒருவர் குனிந்து பார்த்தே ஆக வேண்டும். அதற்கு முன்னால், ஓட்டுகிறவரை இரண்டு கேள்வி கேட்டால் இன்னும் நல்லது.

தை மாதத்தில் கார் பழையபடி ஊர்வலம் போயிற்று. அதே டிரைவர். வேறு ஆள் பார்க்கிற பேச்சு அடியோடு நின்றுவிட்டது. நண்பர் மன்னிப்பு என்று வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. நம் வீடுகளில் அப்படிக் கேட்கிற வழக்கம் இல்லை. பொங்கலுக்கு வேஷ்டியோடு அதிகமாக இரண்டு நோட்டு வைத்துக் கொடுப்பதுதான் மன்னிப்பு. அதைக் கொடுத்தார். 'அண்ணே' என்றும் மறுபடி கூப்பிட ஆரம்பித்துவிட்டார். டிரைவர் இரண்டையும் வாங்கிக்கொண்டார். ஆனால் ஆட்கள் இல்லாத இடத்திலும் இப்போது அவர் 'முதலாளி' என்றுதான் சொல்கிறார்.

இன்னொரு பழக்கமும் புதிதாக வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஷெட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன், நண்பரை வாசலுக்கு அழைத்து, அவர் கண்ணெதிரே கூரையை ஒரு தரம் ஏற்றி, ஒரு தரம் இறக்கி, "பாத்துக்கிட்டீங்களா முதலாளி?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறார். திரும்பி வந்த பிறகும் அதே. "வேண்டாம் அண்ணே, எனக்குத் தெரியாதா என்றால் கேட்கமாட்டேன் என்கிறார்" என்று நண்பர் என்னிடம் சங்கடப்பட்டுக்கொண்டார். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

பழைய ஸ்விச்சைப் பாய் குப்பைத் தகரத்தில் போடப் போனபோது, டிரைவர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். அதைத் துணியில் சுற்றி, லைசென்ஸும் ஆர்.ஸி. புஸ்தகமும் இருக்கிற பெட்டிக்குள் வைத்திருக்கிறார். போன மாதம் அந்தக் காரில் ஏறியபோதும் பார்த்தேன். அங்கேயேதான் இருக்கிறது.